மீன் சுற்றிய தாள்

மோங்குச் சந்தையில் அன்று
காகிதம் தீர்ந்துபோயிருந்தது.
நமாசிகுவின் பள்ளிப்பையிலிருந்து ஒன்றை உருவி
இரண்டு கருவாட்டைச் சுற்றிக் கொடுத்தேன்.
தடுப்பூசிக்குச் சம்மதம் கேட்ட தாள்.
வேண்டுமென்றே என்றுதான் வைத்துக்கொள்ளுங்களேன்.

கருப்பை கதவடைத்துக்கொள்ளும் என்றாள் உப்பு விற்பவள்.
பதின்மூன்று வயதில் எதற்கு,
யாரிடம் போகப்போகிறாள் என்றார் பாதிரியார்,
மகளைப் பார்க்காமல் என்னைப் பார்த்து.
பையன்களுக்கு ஏன் இல்லை என்று கேட்டேன்.
தராசுதான் ஆடியது.

மறுநாள் இனோங்கே வந்தாள், மீன் வாங்க அல்ல.
தாளை நான்காக மடித்திருந்தாள்.
"உன் பிள்ளை பேர் இருக்கு இதில்."
அவ்வளவுதான்.

லுசாகா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அவள் அக்காவை
ஏற்றிவந்த படகில் நானும் இருந்தேன்.
வெள்ளம் வடியாத மாதம்.
அடிவயிற்று நோய் என்று மட்டும் சொன்னார்கள்.
துணி மாற்றி மாற்றித் துவைத்தவள் இனோங்கே;
ஊர்க் கண்ணில் படாமல்
வலைகளுக்கு அடியில் உலர்த்துவாள்.
கருப்பைக்கு வாய் உண்டாம், தாளில் போட்டிருந்தது.
எங்களுக்குத்தான் இல்லை.

இரவு விளக்கில் விரித்தேன்.
கையெழுத்துக் கட்டத்தில்
மீன் எண்ணெய் ஊறிக் கண்ணாடியாகியிருந்தது.
பேனா வழுக்கியது. மறுபடி வழுக்கியது.
"விடும்மா" என்றாள் நமாசிகு.
தூங்கிவிட்டாள் என்று நினைத்திருந்தேன்.

பள்ளி முத்திரைக்குக் கீழே
விரலகலம் உலர்ந்த இடம் இருந்தது.
என் பெயர் நீளம்.
பாதியை அங்கே எழுதி,
தாளைத் திருப்பி
மீதியைப் பின்பக்கம் எழுதினேன்.