பதினேழு சதவீதம்

நீடாமங்கலம் கேட்டில் நாற்பது நிமிடம் நின்றோம்.
சரக்கு ரயிலின் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்த புகழ்
முப்பத்தாறில் விட்டுவிட்டான்,
மழை கண்ணுக்குள் இறங்கியதால்.
மூன்று வண்டி, ஐந்து பேர், ஒரே ரெயின்கோட்.
அதையும் காஸ்ட்ரோ
பெட்ரோல் டேங்குக்குப் போர்த்தியிருந்தான்.
மூடியின் ரப்பர் போய்விட்டதாம்.

கோடியக்கரை போய்
கடலில் மழை விழுவதைப் பார்ப்பது திட்டம்.
யார் சொன்ன யோசனை என்று
இப்போது ஒருவரும் ஒத்துக்கொள்வதில்லை.

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது.
நஸ்ரீனின் முதுகுக்குப் பின்னாலிருந்துதான் பார்த்தேன்
அவ்வளவையும்.
இடது தோளுக்கு மேல் ஒரு வாய்க்கால்,
கொஞ்ச நேரத்தில் வலது தோளுக்கு மேல் அதே வாய்க்கால்;
நடுவில் எங்கோ ஒரு பாலம் வந்திருக்கிறது.
மூணாறு தலைப்பில்
ஒரே தண்ணீர் மூன்று பெயர் வாங்கிக்கொண்டு பிரிகிறது.
அங்கே டீ குடித்தோம்.
கிளாஸில் டீ குறையவே இல்லை,
மழை நிரப்பிக்கொண்டே இருந்தது.

மன்னார்குடி தாண்டி
புகழ் இரண்டு கையையும் விட்டுவிட்டு
வானத்தைப் பார்த்துக் கத்தினான்:
இன்னும், இன்னும் பெய்.
நாங்களும் கத்தினோம்.
என் போனில் இருக்கிறது அது, பதினோரு நொடி.
ஓரத்தில் மஞ்சளாக ஏதோ நீளமாக ஓடுகிறது,
செங்கல் வைத்து அணைகட்டியது போல.
காஸ்ட்ரோ கத்தவில்லை.
திருத்துறைப்பூண்டிக்காரன்,
அது என்னவென்று அவனுக்குத் தெரியும்.

அடுத்த வளைவில் அவன்தான் நிறுத்தினான்.

பாதிச் சாலை நெல்.
ஒரு பெண் தார்ப்பாயின் ஒரு முனையைக் காலால் மிதித்து
மறுமுனையைக் காற்றிடமிருந்து பிடுங்கிக்கொண்டிருந்தாள்.
எங்களைப் பார்த்ததும்
'படம் புடிக்கிறதுன்னா போயிடுங்க,
அள்றதுன்னா எறங்குங்க' என்றாள்.

ஹெல்மெட்டால் அள்ளினோம்.
ஒரு ஹெல்மெட், கிட்டத்தட்ட ஒரு மரக்கால்.
உள்ளே ஒட்டியிருந்த என் முடியும் போயிருக்கும்
குவியலோடு.

அந்தப் பக்கம் சம்பா நடவு,
வேர் பிடிக்க இந்த மழை வேண்டும்.
இந்தப் பக்கம் அறுத்துப்போட்ட குறுவை,
ஒரு சொட்டும் வேண்டாம்.
நடுவில் பதினெட்டு அடித் தார்.
இரண்டும் அமிர்தவல்லியுடையது.
எந்தப் பக்கம் பார்த்து வேண்டிக்கொள்வீர்கள்
என்று கேட்க நினைத்தேன்,
கேட்கவில்லை.

கொள்முதல் நிலையத்தில் பதினேழுவரைதான் எடுப்பார்களாம்.
'முந்தாநாள் இருவது. இன்னிக்கு இருவத்திரண்டு.
நாளைக்கு அதுவே மொளச்சிடும்,
அப்புறம் மெஷின் எதுக்கு?'
சொல்லிவிட்டுச் சிரித்தாள்.
எங்களுக்கு உடனே சிரிக்க வரவில்லை.

தார்ப்பாய் கடைசி நாலு அடிக்கு எட்டவில்லை.
காஸ்ட்ரோ டேங்கின் மேலிருந்த ரெயின்கோட்டை உருவி
அங்கே விரித்தான்.
கைப்பகுதிகள் இரண்டையும்
யாரோ குப்புறப் படுத்திருப்பதுபோல் நீட்டி
மேலே செங்கல் வைத்தான்.
திரும்பக் கேட்கவில்லை.

இரண்டு கிலோமீட்டரில் அவன் வண்டி இருமியது.
மூன்றாவதில் நின்றது.

தள்ளினோம், இருட்டும்வரை.
தவளைகள் எங்களுக்காக நிறுத்தவில்லை.
புகழ் ஒருமுறை அண்ணாந்து வாயைத் திறந்தான்,
தண்ணீரைத் துப்பிவிட்டு மூடிக்கொண்டான்.
கடலில் மழை எப்படி விழும்
என்று எனக்கு இன்னும் தெரியாது.

ஆலத்தம்பாடியில் ஒரு பட்டறை,
மூடப்போகிற நேரம்.
மெக்கானிக் டேங்கைக் கவிழ்த்து
பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்து
விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தார்.
மேலே பெட்ரோல், கீழே மழை,
நடுவே வரப்பு மாதிரி ஒரு கோடு.
'தண்ணி சார்' என்றார்.

'எத்தனை சதவீதம்ணே?'
என்று கேட்டான் காஸ்ட்ரோ.

நஸ்ரீன்தான் முதலில் வெடித்தாள்.
பிறகு நாங்கள் எல்லோரும்,
தேவைக்கு மேல் சத்தமாக,
நிறுத்தத் தெரியாமல்.
அவருக்கு ஒன்றும் புரியவில்லை.
டார்ச்சை என்னிடம் கொடுத்து,
'ஒரு ஸ்க்ரூ விழுந்துடுச்சு,
அதத் தேடுங்க' என்றார்.