பனியில் நடக்கும் ஓசை

பனியில் நடக்கும் ஓசைக்கு
உருளைக்கிழங்கு மாவைத் தோல்பையில் அடைத்துப் பிசைவேன்.
எலும்பு முறிய செலரித் தண்டு.
மண்டை பிளக்கத் தர்பூசணி.
ஜனவரியில், கெமியில்,
ஒரு தர்பூசணி ஏறக்குறைய
மண்டை விலைதான்.

படத்தின் கதை இது:
வெல்டிங் பட்டறைக்காரி ஒருத்தி. தம்பி டிரம்ஸ் அடிப்பவன்.
எல்க் மானின் கொம்பு சூடிய ஏழு பேர்
உறைந்த ஏரியில் துளையிட்டு அவனை உள்ளே இறக்குகிறார்கள்.
தாளம் நிற்கும்வரை
பனிக்கட்டிமேல் காதுவைத்துப் படுத்திருக்கிறார்கள்.
அவன் சிம்பல்களை உருக்கி அவள் கோடரி வார்க்கிறாள்.
அதற்கப்புறம் வானம் சிவப்பு,
படம் முடியும்வரை சிவப்பு.
நாற்பதாவது நிமிடத்தில் நிலாவுக்குப் பல் முளைக்கிறது.
ஏன் என்றால் இயக்குநர் இல்மோ சொல்வான்:
"கிட்டார் அப்படித்தான் கேக்குது."
மகளைப் பள்ளியில் விடும்போதும்
ஆணி பதித்த கைப்பட்டையைக் கழற்றாதவன்.

முதல் இருவருக்கு முட்டைக்கோஸ் போதுமாயிருந்தது.
மூன்றாமவனின் கொம்பு உள்நோக்கி வளர்ந்து அவனையே தின்றது.
அதற்குக் காய்ந்த பிர்ச் சுள்ளி.
நான்காமவனைப் பிளந்தால் ரத்தமில்லை.
உள்ளே ஒரு சிறிய அறை,
அறையில் ரேடியோ,
ரேடியோவில் கடலோர வானிலை அறிக்கை.
அதை என் குரலிலேயே படித்தேன்.
ஐந்தும் ஆறும் ஒரே இரவில், ஈரத் துணியால் முடித்தேன்.

ஏழாமவன் ஓடவில்லை.
சமையலறையில் உட்கார்ந்து
கறுப்பு ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறான்.
தெரிந்தவள் வந்ததுபோல் நிமிர்ந்து பார்க்கிறான்.
கோடரி இறங்குகிறது.

"போதல" என்றான் இல்மோ.
பட்டறைக்கல்லை அடித்தேன். போதவில்லை.
சங்கிலி சுற்றிய பூசணி, கசாப்புக்கடையில் வாங்கிய அரைப் பன்றி.
"இது கடையில வாங்கின சாவு" என்றான்.

இரவு கராஜைத் திறந்தேன்.
காகித ஆலையின் அழுகிய முட்டை வாசம்
எனக்கு முன்னால் உள்ளே போனது.
ஐலாவின் காரில் நான் வைத்துக்கொண்டது
ஓட்டுநர் பக்கத்துக் கதவு ஒன்றுதான்.
என் தங்கை. பேஸ் கிட்டார் வாசித்தவள், வெளியே கேட்காதபடி.

அவனுக்குப் பதினான்கு மாதம் போட்டார்கள்.
முதல் குற்றம், ஏழில் விட்டார்கள்.
நான் போகும் கடையில்தான் அவனும் தக்காளி எடுப்பான்,
ஒவ்வொன்றாக, அழுத்திப் பார்த்து.

கதவைச் சங்கிலியில் தொங்கவிட்டு மைக்கை நிறுத்தினேன்.
முதல் அடியில்
உள்ளிருந்து கண்ணாடித் துகள் சரசரவென்று கொட்டியது,
ஒன்பது வருடமாக விழுந்துகொண்டே இருந்து
இப்போதுதான் தரைக்கு வந்ததுபோல.
நிமிர்ந்தால் வாசலில் ஆறு பேர்.
கொம்புகளைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார்கள்,
சாவு வீட்டில் தொப்பியைப் பிடிப்பதுபோல்.
போங்க என்றேன். போனார்கள்.
உருளைக்கிழங்கு மாவின் ஓசை.
இரண்டாவது அடியைத்தான் பதிவில் வைத்தேன்.

இல்மோ ஹெட்போனைக் கழற்ற வெகுநேரமானது.
"எதை அடிச்சே?"
"ஒரு கதவை."

ஊரில் இருப்பது ஒரே தியேட்டர். முதல் காட்சி.
எனக்கு இரண்டு வரிசை முன்னால் தைஸ்தோ,
மடியில் பாப்கார்ன், வழித்துவிட்ட பிடரி.

நான் அந்தச் சத்தத்தைக் கேட்டதே இல்லை.
அந்த நேரத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.
சரியாக வந்திருக்கிறதா என்று சொல்ல
இந்த ஊரில் ஒரே ஒருவனால்தான் முடியும்.

ஏழாமவன் நிமிர்ந்தான். கோடரி இறங்கியது.
தியேட்டர் விசிலடித்தது.
அவன் மட்டும்
இரண்டு கையும் தாமாக உயர
இல்லாத ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தான்.
பாப்கார்ன் தரையெல்லாம்.

சரியாகத்தான் வந்திருக்கிறது.

வெளியே வரும்போது
யாரென்று பாராமல் எனக்காகக் கதவைப் பிடித்து நின்றான்.
கை நடுங்கியது. குளிராகவும் இருக்கலாம்.
நன்றி என்றேன்.
பின்னால் கதவு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.
இங்கே கதவு விளிம்பெல்லாம்
ரப்பர் ஒட்டியிருப்பார்கள்.