இருபத்தொரு நாள்

என் கையில் ஒரு பென்சில், ஒரு வெப்பமானி,
மழைக்கு உறை போட்ட பேரேடு ஒன்று.
கக்காட்டாவின் கிழக்குச் சரிவில்
நாற்பத்தொரு வீடுகள் என் பொறுப்பு.

முதல் வட்டம் யாசா.
சந்தையில் மிளகாய் விற்றவள்.
சனிக்கிழமை காய்ச்சல், வியாழக்கிழமை மண்.
எபோலா என்று சீட்டு வந்தபோது
அவள் கடைப்பலகையில் குடையை இன்னும் யாரும் மடக்கவில்லை.

யார் யார் தொட்டீர்கள் என்று கேட்டேன்.

அக்காள் தலையைத் தாங்கினாள். கோடு.
அடுத்த வீட்டுக்காரி வாந்தியைத் துடைத்தாள். கோடு.
பைக் ஓட்டும் ஃபுளோமோ
சரிந்து விழுந்தவளைத் தன் முதுகோடு சேர்த்துத்
துணியால் கட்டிக்கொண்டு
ஆஸ்பத்திரிக்குப் பறந்தான். கோடு.
திரும்பி வந்து மாலைவரை வண்டி ஓட்டினான்,
பெட்ரோல் கடன் இருந்தது.
ஏறி இறங்கியவர் பதினேழு பேர்.
தாள் போதாமல் அட்டை ஒட்டினேன்.

இரவில் குழாயடியில் முல்பா வந்து நின்றான்.
"எட்டாவதாக ஒரு ஆள் உண்டு.
பெயர் எழுதாதே,
எண்ணிக்கையில் மட்டும் சேர்த்துக்கொள்."
அவன் நெற்றிக்கு வெப்பமானியை நீட்டினேன்.
வேறெதுவும் பேசவில்லை.

எல்லா வீட்டுக்கும் இரண்டு கோடு, மூன்று கோடு.
தலை பின்னும் லோர்ப்புவுக்கு மட்டும் ஐம்பத்துமூன்று.
நாற்பது கதவுகளை அடைப்பதைவிட
ஒரு சீப்பை வாங்கி வைப்பது மேல்.
கொடுத்துவிட்டாள். திட்டிக்கொண்டேதான் கொடுத்தாள்.

விளக்கடியில் தாளைத் தள்ளி வைத்துப் பார்த்தேன்.
நோய் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.
யார் யாரைத் தூக்கினார்கள்,
யார் யாருக்குத் தண்ணீர் கொடுத்தார்கள்
என்பதுதான் தெரிந்தது.
கதவைச் சாத்திக்கொண்டவர்கள்
தாளின் ஓரத்தில்
கோடில்லாமல் சுகமாக இருந்தார்கள்.

ஐந்தாம் நாள்
ரப்பர் கிடங்குக் காவல்காரர் டோக்பா
வழிமறித்தார்.
"என் பெயர் உன் புத்தகத்தில் இல்லை."
"நீங்கள் யாரையும் தொடவில்லையே."
"யாசாவிடம் மிளகாய் வாங்கினேன்.
சில்லறை தரும்போது விரல் பட்டது."

அவர் குடிசைக்குப் பின்னால்
ஒரு மிளகாய்ச் செடி
பழுத்துச் சிவந்து கிளை தாழ்ந்து நின்றது.

எழுதிக்கொண்டேன்.
பட்டியலில் இருப்பவருக்கு அரிசி உண்டு, எண்ணெய் உண்டு,
காலையும் மாலையும் ஒருத்தி வந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவாள்.
பத்து நாளில் அவருடைய அரிசி மூட்டை பாதி குறைந்திருந்தது.
அதையும் சொல்லத்தான் வேண்டும்.
ஆனால் நான் போகும் நேரமெல்லாம்
அவர் முகம் மழித்து, கழுத்துப் பொத்தான் வரை பூட்டியிருந்தார்.

முப்பத்தாறு புள்ளி நான்கு.
தலைவலி? இல்லை.
வயிற்றுப்போக்கு? இல்லை.
கண் சிவப்பு? இல்லை.
படிவத்தில் ஒன்பது கேள்விகள்தான்.
"இன்னும் ஏதாவது கேள்" என்பார்.
பத்தாவதாக, ராத்திரி என்ன சமைத்தீர்கள் என்று கேட்டேன்.
பதிலுக்குப் படிவத்தில் இடமில்லை.

ஒன்பதாம் நாள் ஃபுளோமோ போனான்.
அவன் பதினேழு பேரில் இருவர்.
யாசாவின் அக்காள் மீண்டாள், காது மட்டும் மந்தம்.
லோர்ப்புவின் ஐம்பத்துமூன்றில் ஒருவருக்கும் ஒன்றுமில்லை.
அவள் சீப்பைத் திருப்பிக் கேட்டாள்.

எல்லைக் கயிற்றை அவிழ்த்த அன்று
டோக்பா கை நீட்டினார், உடனே இழுத்துக்கொண்டார்.
எங்கள் ஊரில் கைகுலுக்கல் முடிவது
இருவர் நடுவிரல்களும் சேர்ந்து போடும் சொடக்கில்.
அவர் தனியாகச் சொடுக்கினார்.
நான் தனியாகச் சொடுக்கினேன்.
நடுவில் இரண்டு மீட்டர் மழை.

அலுவலகத்தில் கேட்டார்கள்:
இந்தப் புள்ளிக்கோடு உறுதியானதா, அழித்துவிடலாமா?
அழியுங்கள் என்றேன்.
அதன் மறுமுனை யாசாவே அல்ல.

கிளம்புமுன் அவர்
காகிதத்தில் மடித்த ஏதோ ஒன்றைக்
கல்லின்மேல் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார்.
விதிப்படி எடுக்கக் கூடாது.
அவர் உள்ளே போகும்வரை நின்றேன்.
அன்றிரவு எங்கள் வீட்டுக் குழம்பில்
கண்ணீர் வரும் காரம்.
அதற்கு நான் கோடு போடவில்லை.