தொடர்ச்சிப் பிழை

கட்டபெட்டுக்குக் கீழே
கொழுந்து எடைபோடும் கொட்டகை.
எனக்கு வேலை, கணக்கு வைப்பது:
கூடை எந்தத் தோளில்,
டம்ளரில் தேநீர் எதுவரை,
சுவர்க் கடிகாரத்தில் முள் எங்கே.
படம் பார்க்கிறவர்களுக்கு
என் நினைப்பே வந்துவிடக் கூடாது,
அதற்குத்தான் சம்பளம்.

அன்றைய காட்சி சின்னது.
லாரி கவிழ்ந்ததில் கணவன் போய்விட்டான் என்று
எடைக்காரர் சொல்வார். அவள் கேட்பாள்.
தாளில் அவளுக்கு முக்கால் பக்க வசனம்.
டைரக்டர் பரிதி காலையில் அதை இரண்டு முறை படித்தார்,
குறுக்கே கோடு இழுத்தார்.
மிஞ்சியது இரண்டு சொல்:
"எத்தன கிலோ?"
எழுதியவர் சென்னையில் இருந்தார்.
நல்லவேளை, அந்தச் சரிவில் சிக்னல் கிடையாது.

முதல் டேக்கில் கோமளா அழுதாள்.
நன்றாகவே அழுதாள்.
லைட்மேன்கள் மூக்கைத் துடைத்துக்கொண்டார்கள்.
"இது எனக்கு ஏற்கெனவே தெரிஞ்ச அழுகை" என்றார் பரிதி.
இரண்டாவதில் அழாமல் நின்றாள்.
அழாமல் நிற்கிறாள் என்பது தெரிந்தது.
ஆறில் மைக்கின் நிழல்.
ஒன்பதில் அரவேணு பக்கமிருந்து மேகம் ஏறி வந்து
அவளுக்கும் கேமராவுக்கும் நடுவே உட்கார்ந்தது.
முப்பது பேர்
கைகளை அக்குளில் செருகிக்கொண்டு
அது எழுந்து போகக் காத்திருந்தோம்.

கோமளா சுவெட்டரைக் கழற்றித் தணலில் காட்டி
மறுபடி போட்டுக்கொண்டாள்.
விரல் விறைத்திருந்தது.
வெளிச்சம் ஒரு விரற்கடை திறந்ததும்
பரிதி, ஒத்திகை இல்லாமல், "போலாம்" என்றார்.

பன்னிரண்டு.
எடைக்காரராக நின்றவர் நிஜ எடைக்காரர், ஜோகி.
அவளைப் பார்த்துச் சொல்லச் சொல்லியிருந்தோம்.
அவர் தராசைப் பார்த்துச் சொன்னார்.
இருபத்தாறு வருடமாய்க் கண் அங்கேதான்.
"எத்தன கிலோ?" என்றாள் கோமளா.
தாளில் அதற்குப் பதில் கிடையாது.
ஆனால் எடைக்காரரிடம் கேட்டால் பதில் வரும்:
"பதினெட்டு. ஈரத்துக்கு ரெண்டு கழிச்சா பதினாறு."
அவள் தலையாட்டினாள்.
பரிதி கட் சொல்லவில்லை.
கூடை காலியாகும் வரை சொல்லவில்லை.

எனக்கு மட்டும் வேறொன்று கண்ணில் பட்டது.
சுவெட்டரின் இரண்டாம் பட்டன்
மூன்றாம் துளையில்.
சிவப்பு மையில் எழுதினேன்:
'பட்டன் தவறு. ஆகாது.'
அடியில் இரண்டு கோடு.
பதின்மூன்றும் பதினான்கும் எடுத்தார்கள்.
பட்டன் சரி. மற்றதெல்லாம் சுமார்.

எட்டு மாதம் கழித்துக் குன்னூரில், இரவுக் காட்சி.
திருடினவளைப்போலக் கடைசி வரிசையில் நான்.
திரையில் பன்னிரண்டு.
எடிட்டர் ரெஜினா என் நோட்டைப் படித்திருக்கிறாள்,
படித்துவிட்டு மூடியிருக்கிறாள்.
பட்டன் தட்டு அளவுக்கு இருந்தது.
எனக்கு வயிறு கலங்கியது.

முன் வரிசையில் ஒரு சால்வை
பக்கத்துச் சால்வையிடம் சொன்னது:
"பாவம், பட்டனக்கூட சரியாப் போடாம ஓடியாந்திருக்கா."
"சேதியே இப்பத்தானடி சொல்றாரு?"
"காலையிலேயே மனசுக்குத் தட்டியிருக்கும்."
கோடு இழுத்த முக்கால் பக்கத்தை
இருட்டில் இரண்டு பேர்
எழுதி முடித்துவிட்டார்கள்.

'ஈரத்துக்கு ரெண்டு' வந்தபோது யாரோ சிரித்தார்கள்.
சிரிப்பு பாதியில் நின்றது.
அப்புறம் ஒருவரும் இருமவில்லை.
குன்னூரில். டிசம்பரில்.

வெளியே படிக்கட்டில் ஜோகி,
மங்கி குல்லாய், கையில் கிழித்த டிக்கெட்.
நன்றாக நடித்தீர்கள் என்றேன்.
அது காதில் விழவில்லை அவருக்கு.
"தப்பாச் சொல்லிட்டேன்மா.
அவ்வளவு மேகம் எறங்கின நாளு
ஈரத்துக்கு மூணு கழிக்கணும்.
பதினஞ்சுதான் வரும். மாத்த முடியுமா?"

பையிலிருந்து நோட்டை எடுத்தேன்.
பன்னிரண்டாம் டேக், சிவப்புக் கோட்டுக்குக் கீழே,
எழுதிக்கொண்டேன்: பதினைந்து.