இடக்கை முறுக்கு

வேலூரைப் பற்றி ஒரு பேச்சு உண்டு:
ராஜா இல்லாத கோட்டை,
சாமி இல்லாத கோயில்,
தண்ணி இல்லாத ஆறு.
கோயிலுக்குச் சாமி வந்து எத்தனையோ வருஷம் ஆகியும்
பேச்சை யாரும் திருத்தவில்லை.

அப்துல்லாபுரம் ஓடுதளத்தில்
கத்திரி வெயில் ஒன்பது மணிக்கே தாரை இளக்கியிருந்தது.
பாலாற்று மணலைப் படமெடுக்கப் புறப்பட்ட விமானம்
பாதி ஓட்டத்தில் நின்று, திரும்பி, தள்ளாடி வந்தது.
ரெஜினா இறங்கினாள்.
"முழு வேகம் கொடுத்தா முள்ளு சாயுது.
மேல போயிருந்தா
பள்ளிகொண்டா தாண்டி எவன் கொல்லையிலயோ..."
மீதியைச் சொல்லாமல் தண்ணீர் குடித்தாள்.

"பம்பு பூட்ச்சி. வேற இன்னா?" என்றான் முனிரத்தினம்.
ஸ்டோரில் புதுப் பம்பு ஒன்று
அட்டைப்பெட்டிக்குள் ஒரு வருஷமாகக் காத்திருக்கிறது.
அதற்கும் ஒரு நாள் வர வேண்டாமா என்பது அவன் கட்சி.

நான் முதலில் கண்ணாடிக் குவளையில் எரிபொருள் பிடித்தேன்.
இறக்கைக்கு ஒன்று, வலமும் இடமும்.
சுத்தமான நீலம்.
அடியில் உருளும் நீர்மணி இல்லை.
ஆறு மட்டுமல்ல, டேங்க்கும் வறண்டதுதான்; நல்லது.

சூட்டில் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாவது உண்டு.
அப்போது முள் நடுங்கும்,
காய்ச்சல்காரன் உதடு மாதிரி.
இது நடுங்கவில்லை. மெதுவாகப் படுத்தது.

சும்மா ஓடவிட்டால் பச்சைக் கோட்டில் நிற்கிறது.
வேகம் கேட்டால் விழுகிறது.
மின்சாரப் பம்பையும் போட்டுப் பார்த்தேன்:
முனகியது,
முள் எழவில்லை.

எஞ்சினோடு துடிப்பது ஒன்று,
பேட்டரியில் ஓடுவது ஒன்று.
ஒருவன் படுத்தால் மற்றவன் தாங்கட்டும் என்றுதான்
இரண்டு வைத்திருக்கிறார்கள்.
இரண்டும் ஒரே காலையில் சாகாது.
இரண்டுக்கும் முன்னால்
எவனோ கழுத்தைப் பிடித்திருக்கிறான்.

குழாயைக் கழற்றி வாளியில் விட்டு
ஒரு நிமிஷம் கடிகாரம் பார்த்தேன்.
வரவேண்டியதில் பாதி.

பிறகு வடிகட்டியின் கிண்ணம்.
எஞ்சினுக்குக் கீழே, முழங்கை மட்டுமே நுழையும் இடம்.
டார்ச் அடித்தேன்.
கிண்ணம் தானாகக் கழலாமலிருக்கப் போட்ட பூட்டுக் கம்பி
மங்கி, தூசி படிந்து,
வலப்பக்கம் முறுக்கியிருந்தது.

நான் இடக்கைக்காரன்.
என் முறுக்கு மற்றப் பக்கம்.
இது ஜனவரியில் மஸ்கட் போன சாதிக் பாஷாவின் கம்பி.

பதிவேட்டில், ஏப்ரல் பத்தொன்பது:
"வடிகட்டி திறந்து சுத்தம் செய்யப்பட்டது. கசிவு இல்லை."
கீழே என் கையெழுத்து,
வழக்கம்போல இடப்பக்கம் சாய்ந்து.

அன்று என்ன அவசரம் என்று யோசித்தேன்.
ஒன்றுமில்லை.
இரண்டே காலுக்குக் குடியாத்தம் பஸ்.
அவ்வளவுதான்.

கம்பியை வெட்டிக் கிண்ணத்தை இறக்கினேன்.
பழைய ரப்பர் குழாயின் உள்தோல்
செதில் செதிலாக உரிந்து
சல்லடையை மூடியிருந்தது,
அடிப்பிடித்த பால்சட்டியின் ஏடு மாதிரி, கறுப்பாக.

"பம்பு எடுத்தாரட்டா?" முனிரத்தினம் வாசலில் நின்றான்.
எடுத்து வரச் சொல்லியிருக்கலாம்.
புதுப் பம்பைப் பூட்டி,
சத்தமில்லாமல் சல்லடையைக் கழுவியிருந்தால்
முள் எழுந்திருக்கும்.
குற்றம் பம்போடு குப்பைக்குப் போயிருக்கும்.

"வேணாம். அது தூங்கட்டும்."

குழாயை மாற்றினேன். சல்லடையைக் கழுவி ஊதினேன்.
வாளி இம்முறை நிரம்பியது.
புதுக் கம்பியை என் கையால், என் பக்கமாக முறுக்கினேன்.
பழைய கம்பியைச் சட்டைப்பையில் போட்டேன்;
தையல் வழியாக நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்தது.

பதிவேட்டில் அழிக்க இடமில்லை, எழுத இடமிருந்தது:
"ஏப்ரல் பத்தொன்பது பதிவு தவறு.
அன்று வடிகட்டி திறக்கப்படவில்லை."

ரெஜினா நின்றபடியே படித்தாள்.
திட்டுவாள் என்று காத்திருந்தேன்.
பதிவேட்டை மூடினாள்,
குவளையை எடுத்துக்கொண்டு இறக்கைக்கடியில் குனிந்தாள்.
நான் பிடித்துப் பார்த்த அதே நீலத்தை
மறுபடி பிடித்தாள்.
வானத்துக்கு எதிரே தூக்கி வெகுநேரம் பார்த்தாள்.
கொட்டிவிட்டு
இன்னொரு முறை பிடித்தாள்.