மீன் எப்போ வரும்

தேவனாம்பட்டினத்தில் கடல் சும்மா கிடக்கிறது.
நானோ பக்கெட்டில் ஆர்.ஓ. தண்ணீர் பிடித்து
கிலோ இருநூற்றைம்பதுக்கு வாங்கிய
உப்பைக் கரைக்கிறேன்.
"கெடிலம் கலக்குற இடம் சார், அதை நம்பாதீங்க"
என்றான் கல் விற்ற ரூபன்.
அளவுமானியின் முள் கோட்டில் நிற்கும்வரை
விரலை நக்கிப் பார்க்கவில்லை என்று
சொல்ல மாட்டேன்.

தெர்மாகோல் பெட்டியில், ஈரச் செய்தித்தாளில்
பொட்டலமாய் வந்தது கல்.
சிமெண்டும் சிப்பித்தூளும் வார்த்து
ஒன்றரை வருஷம் கடலில் கிடத்தி எடுத்ததாம்.
பிரித்ததும்
மஞ்சக்குப்பம் மூன்றாம் மாடி முழுக்கத்
துறைமுக வாடை.
புனிதா ஜன்னலைத் திறந்தாள். பேசவில்லை.

இனி ஆறு வாரம் ஒன்றும் செய்யக்கூடாது.
செத்தது அழுகி,
அழுகலைத் தின்ன ஏதோ பிறந்து,
அதன் கழிவைத் தின்ன இன்னொன்று பிறந்து,
சோதனைக் குழாயில் பச்சை
மஞ்சளாகும்வரை.

சிலிண்டர் போட வந்தவர்,
கேபிள் காசுக்கு வந்தவர்,
எல்லோருக்கும் ஒரே கேள்வி:
மீன் எங்க சார்?

பத்தொன்பதாம் ராத்திரி கரண்ட் போனது.
பேட்டரி பம்பு தேடி டார்ச்சோடு போனால்
கல்லின் ஒரு பொத்தலில்
அரிசிக்குருணை அளவு நண்டு,
ரூபனின் பில்லில் இல்லாதது,
இரண்டு கொடுக்கையும் தூக்கியது
வாசலில் யார் என்பதுபோல.

டார்ச்சை அணைத்தேன்.
இருட்டில், பின்னாலிருந்து புனிதா:
"அதுக்கு என்ன போடணும்?"