ஒத்திகை

கதிரைகளை ஒதுக்கிவிட்டு நாடகப் பயிற்சி.
நோயாளி நான்.
டொக்டராக வேண்டிய நிரூசனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

மண்டபம் கூட்ட வந்த சத்தியகலாக்கா
தும்புத்தடியைச் சுவரில் சாத்தினா.
"தாங்கோ, நான் செய்யிறன்."
ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் போட்டா.

என்னைப் பார்க்கவில்லை.
அட்டையைப் பார்த்தா, ஃபோனைப் பார்த்தா.
"எத்தினை நாளா நோகுது?"
நான் வாய் திறக்க முந்தி
அடுத்த கட்டிலுக்குப் போயிட்டா.

கைதட்டிச் சிரித்தோம்.
அவ சிரிக்கவில்லை.
"பதினொரு வருசமா பெரியாஸ்பத்திரியில
உங்கட கால்களைச் சுத்தித்தானே கூட்டினனான்."

மறுநாள் ஏழாம் வாட்டு.
குருநகர் மரியதாசன்,
காலில் திருக்கை குத்தின புண்.
"எத்தினை நாளா?" என்று கேட்டபின்
இருக்கக் கதிரை தேடினேன்.
ஒன்றுமில்லை.
இத்தனை மாதம் எனக்கு அது தெரியாது.

அவர்
புண்பட்ட காலை மெல்ல இழுத்து
கட்டிலில் இடம் விட்டார்.